மோட்டார் பெட்டிக்கு எந்த பவர் சப்ளை: அடாப்டரா, போர்டு மாட்யூலா, தகரப் பெட்டி எஸ்எம்பிஎஸ்ஸா, டின் ரயிலா?

மேல்தொட்டி நிறைந்ததும் மோட்டாரை நிறுத்தி, காலியானதும் திரும்பப் போடும் கன்ட்ரோலரை எலக்ட்ரானிக்ஸில் இறங்குகிற பலரும் சீக்கிரமே செய்து பார்த்துவிடுகிறார்கள். ஒரு ஈஎஸ்பி32 (வைஃபை உள்ள குட்டி மைக்ரோகன்ட்ரோலர் போர்டு), ஒரு ரிலே, தொட்டியில் ஒரு சென்சார், அவ்வளவுதான். மேசைமேல் ஃபோன் சார்ஜரில் அழகாக ஓடும். அதையே மோட்டார் ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் சுவரில் மாட்டி, வருடக்கணக்கில் யாரும் தொடாமல் ஓடவேண்டும் என்று வரும்போதுதான் கேள்வி எழுகிறது: 230 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட்டுக்கு எந்த வழியாக இறங்குவது?

முதலில் எவ்வளவு கரண்ட் வேண்டும் என்று பார்த்துவிடலாம். ஈஎஸ்பி32 வைஃபையில் பேசும் நொடிகளில் 3.3 வோல்ட்டில் அரை ஆம்பியர் வரை கேட்கும் என்று வைத்துக்கொண்டு, அதற்குத் தாங்கும் சப்ளை கொடுப்பதுதான் சரி. 5 வோல்ட் ரிலே ஒன்றுக்குச் சுமார் 70 மில்லிஆம்பியர். சின்ன டிஸ்ப்ளே ஒன்று, எல்இடி இரண்டு. எல்லாம் சேர்த்தாலும் 5 வாட்டைத் தாண்டாது. தொட்டி மேலே இன்னொரு ஈஎஸ்பி32 வைத்தால் 8 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையில் கிடைக்கும் வழிகளில் பெரும்பாலானவை இந்தச் சுமையைத் தாங்கும். அதனால் எத்தனை வாட் என்பதை வைத்து இங்கே முடிவெடுக்க முடியாது. 230 வோல்ட் எங்கே ஓடுகிறது, அதை யார் கை தொடும், பழுதானால் யார் மாற்றுவார் என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

ஃபோன் சார்ஜரையும் சுவர் அடாப்டரையும் குறைத்துப் பேச மாட்டேன். பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை உள்ள நல்ல அடாப்டர் என்றால், மெயின்ஸுக்கும் உங்கள் சர்க்யூட்டுக்கும் நடுவில் முறையாகப் பிரித்த இன்சுலேஷன் இருக்கிறது. 230 வோல்ட் ஒயர் ஒன்றைக்கூட நீங்கள் தொடவேண்டியதில்லை. வீட்டுக்குள் அலமாரியில் உட்காரும் வெப்பநிலைக் கருவி, மீன்தொட்டி விளக்கு, பள்ளிப் பிள்ளைகள் செய்யும் எந்த ப்ராஜெக்டாக இருந்தாலும் இதைத்தான் சொல்வேன். மெயின்ஸ் வேலையில் கைப்பழக்கம் இல்லாதவர்கள் இதைத் தாண்டவே வேண்டாம்.

மோட்டார் பெட்டிக்குள் இது பொருந்தாததற்குக் காரணம் வேறு. அடாப்டருக்கு ஒரு சாக்கெட் வேண்டும். பெட்டிக்குள் சாக்கெட் வைத்தால் பாதி இடம் அதற்கே போய்விடும். வெளியே வைத்தால் யாராவது இஸ்திரிப் பெட்டிக்காகவோ டிரில்லுக்காகவோ பிடுங்கிவிட்டுத் திரும்பச் செருக மறப்பார்கள். மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் பெரிய ரிலேயான கான்டாக்டர் இழுக்கும்போதெல்லாம் சுவரும் பெட்டியும் லேசாக அதிரும். செருகி நிற்கிற பின் மெல்லத் தளரும். யுஎஸ்பி முனையும் அப்படித்தான், பூட்டிக்கொள்ளாத இணைப்பு. 'திடீரென்று வேலை செய்யவில்லை, ஆட்டினால் வருகிறது' என்கிற பெட்டிகளில் பெரும்பாலும் இதுதான் கதை.

சரி, செருகுவதே வேண்டாம், போர்டிலேயே வைத்து சால்டர் செய்துவிடலாம் என்று அடுத்து தோன்றும். ஹைலிங்க் எச்எல்கே-பிஎம்01 என்கிற கறுப்பு மாட்யூலைப் பார்த்திருப்பீர்கள். சுமார் 34-க்கு 20 மி.மீ. அளவு, ஒரு பக்கம் 230 வோல்ட், மறுபக்கம் 5 வோல்ட் 600 மில்லிஆம்பியர், மொத்தம் 3 வாட். விலையும் குறைவு. மாட்யூல் தன்னளவில் மோசமில்லை. அதை எதில் வைக்கிறோம் என்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

கையால் சால்டர் செய்யப் பயன்படுத்தும், துளை போட்ட டாட் போர்டைத் திருப்பிப் பாருங்கள். துளைக்குத் துளை 2.54 மி.மீ.; ஒவ்வொரு துளையைச் சுற்றியும் செம்பு வளையம். இரண்டு வளையங்களுக்கு நடுவே மிஞ்சும் வெறும் இடம் ஒரு மி.மீ.க்குக் கொஞ்சம் கூடக் குறைய. மெயின்ஸுக்கும் கை படக்கூடிய லோ வோல்டேஜ் பக்கத்துக்கும் நடுவில் போர்டின் மேற்பரப்பில் சுமார் 6 மி.மீ. இடைவெளி விடுவது வழக்கம். டாட் போர்டில் அதைக் கொண்டுவர நடுவில் உள்ள வளையங்களை வரிசையாகச் சுரண்டி எடுக்கவேண்டும். யாரும் எடுப்பதில்லை. அப்புறம் ஃபியூஸ், சர்ஜுக்கு, அதாவது திடீர் வோல்டேஜ் ஏற்றத்தை விழுங்க, ஒரு எம்ஓவி, இரண்டும் மாட்யூலுக்கு வெளியே நீங்களே போடவேண்டியவை. அவற்றையும் விட்டுவிடுகிறார்கள். மழைக்காலத்தில் ஈரம் ஏறி, மேலே தூசியும் படிந்தால், அந்த ஒரு மி.மீ. இடைவெளியில் என்ன நடக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. கோடைமுழுக்க ஓடிய பெட்டி ஐப்பசியில் புகைவதற்கு இதுவே போதும்.

ஒரே வடிவத்தில் நூறு பெட்டி செய்யப்போகிறீர்கள், பிசிபி முறையாக வரைந்து, நடுவில் வெட்டுப் பள்ளம் விட்டு, ஃபியூஸ் வைத்துச் செய்யத் தெரியும் என்றால், போர்டு மாட்யூல்தான் சரியான வழி. ஒரே ஒரு பெட்டிக்கு அதைத் தேர்ந்தெடுப்பது மிச்சப்படுத்தும் காசுக்கு ஏற்ற முடிவு இல்லை என்பது என் கருத்து.

டிரான்ஸ்ஃபார்மர், பிரிட்ஜ் ரெக்டிஃபையர், 7812 (12 வோல்ட் ரெகுலேட்டர்) என்கிற பழைய வழியை இந்த வேலைக்கு ஒரே கணக்கில் ஒதுக்கிவிடலாம். 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் 230 வோல்ட்டில் ரெக்டிஃபையருக்குப் பிறகு 15, 16 வோல்ட் தரும். சாயங்காலம் லைன் 170-க்கு இறங்கினால் அது 11 வோல்ட் பக்கம் வந்து நிற்கும். 7812-க்கு அது போதாது. 5 வோல்ட் தரும் 7805 போட்டால் தாங்கும். ஆனால் அரை ஆம்பியருக்கு 5 வாட்டுக்கு மேல் வெறும் சூடாகப் போகும். ஆடியோ ப்ரீ-ஆம்ப் மாதிரி இரைச்சலே ஆகாத வேலைகளுக்கு இது இன்னும் நல்ல வழி. மோட்டார் பெட்டிக்கு இல்லை.

அடுத்தது தகரப் பெட்டி எஸ்எம்பிஎஸ், அதாவது ஸ்விட்ச் மோட் பவர் சப்ளை. ஓட்டை போட்ட வெள்ளி நிற உறை, ஒரு முனையில் வரிசையாக ஸ்க்ரூ டெர்மினல். மீன்வெல் எல்ஆர்எஸ்-50 இந்த வகைக்கு நல்ல உதாரணம்: 5 வோல்ட்டில் 10 ஆம்பியர், 12-ல் 4.2, 24-ல் 2.2. வாட்டுக்கு வாட் கணக்குப் போட்டால் இதைவிட மலிவாக நல்ல சப்ளை கிடைப்பது கஷ்டம். இன்புட்டில் 300 வோல்ட் வந்தால் 5 நொடி தாங்கும் என்று அதன் விவரத் தாளிலேயே இருக்கிறது. நம் ஊர் லைனுக்கு இது சின்ன விஷயம் இல்லை. பெயர்ப்பலகை எல்இடி, த்ரீடி பிரின்டர், சிஎன்சி என்று ஆம்பியர் அதிகம் கேட்கும் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு இதை எடுக்கலாம்.

நம் பெட்டிக்குள் இதற்கு இரண்டு குறை. ஒன்று, உறை உலோகம், எர்த் கட்டாயம். எர்த் சரியாக இல்லாத பம்ப் ரூமில் இதை வைக்கக்கூடாது. இரண்டு, காற்றுக்காக விட்ட ஓட்டைகள் வழியே எறும்பு, பல்லிக்குட்டி, தூசி எல்லாம் போகும். டெர்மினல் மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். முதல் தடவை ஒயர் மாற்றும்போது கழன்று காணாமல் போவதும் அதுதான். அதன்பிறகு ஃபேஸ் ஸ்க்ரூ வெளியே தெரிய நிற்கும். பெட்டியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்க்கிறவர் எப்போதும் நீங்களாக இருக்கமாட்டீர்கள் என்பதை நினைத்தால், எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது.

இனி டின் ரயில். தகர டின் இல்லை, DIN என்கிற தரத்தின் பெயர். 35 மி.மீ. அகலம், பெரும்பாலும் 7.5 மி.மீ. உயரம் உள்ள அந்தத் தகடு உங்கள் வீட்டு டிபி பாக்ஸுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. எம்சிபி எல்லாம் அதில்தான் உட்கார்ந்திருக்கின்றன. மீன்வெல் எச்டிஆர்-15 வரிசை சப்ளையின் அகலம் 17.5 மி.மீ., அதாவது ஒரு சிங்கிள் போல் எம்சிபி அளவு. முகப்பும் எம்சிபி மாதிரியே படி வைத்து இருப்பதால், டிபி பாக்ஸ் மூடியில் உள்ள ஜன்னல் வழியாக மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கும். மேல் கொக்கியை ரயிலில் மாட்டிக் கீழே அழுத்தினால் 'டிக்' என்று உட்காரும். கழற்ற, கீழே இருக்கும் நாக்கை ஒரு தட்டை ஸ்க்ரூ டிரைவரால் இழுத்தால் போதும். ட்ரில், நட்டு, ஸ்பேசர் எதுவும் வேண்டாம்.

உறை பிளாஸ்டிக், இரட்டை இன்சுலேஷன் வகை, எர்த் ஒயரே கிடையாது. ஸ்க்ரூக்கள் குழிக்குள் இருக்கின்றன, விரல் படாது. இன்புட் 85-லிருந்து 264 வோல்ட் வரை, ஆகவே சாயங்கால லோ வோல்டேஜ் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அவுட்புட் ஓடுகிறதா என்று சொல்ல ஒரு பச்சை எல்இடி. பக்கத்தில் சின்னதாக ஒரு திருகு, அவுட்புட்டைக் கொஞ்சம் ஏற்றி இறக்க. இதெல்லாம் நல்லதுதான், ஆனால் நான் இதைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதற்கு முதல் காரணம், பெட்டிக்கு முன்னால் வந்து நிற்கிற எந்த எலக்ட்ரீஷியனுக்கும் இது புரியும் என்பதுதான். நீங்கள் வெளியூரில் இருக்கும்போது சப்ளை போய்விட்டால், "பச்சை லைட் எரியலைன்னா அதைக் கழட்டிட்டு அதே நம்பர் இன்னொண்ணு போடுங்கண்ணே" என்று ஃபோனில் சொன்னால் போதும். சால்டர் செய்த மாட்யூலுக்கு இப்படிச் சொல்ல முடியாது.

விலை? போர்டு மாட்யூலைவிடப் பல மடங்கு, தகரப் பெட்டி எஸ்எம்பிஎஸ்ஸோடு ஒப்பிட்டால் வாட்டுக்குக் கூடுதல். அது உண்மை. ஆனால் மாட்யூலுக்கு ஃபியூஸ், எம்ஓவி, டெர்மினல், போர்டு, அதற்கொரு உறை என்று கூட்டிப் பார்த்தால் வித்தியாசம் பாதியாவது கரையும்.

பெயரில் இருக்கும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள் என்று ஒரு எச்சரிக்கை. எச்டிஆர்-15-ன் 24 வோல்ட் மாடல் 0.63 ஆம்பியர், அதாவது 15 வாட். அதே வரிசையின் 5 வோல்ட் மாடல் 2.4 ஆம்பியர்தான், 12 வாட். எச்டிஆர்-60 இன்னும் மோசம்: 5 வோல்ட்டில் 6.5 ஆம்பியர், 32.5 வாட் மட்டுமே. ராஸ்பெர்ரி பை 4-க்கு 5.1 வோல்ட் 3 ஆம்பியர் வேண்டும். எச்டிஆர்-30-ன் 5 வோல்ட் மாடல் சரியாக 3 ஆம்பியர் தரும், திருகை வைத்து 5.1-க்கு ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் எல்லைக்கோட்டில் நிற்கிற சப்ளை அது. அதற்கு அடுத்த அளவை வாங்குங்கள்.

ரயில் சப்ளை என்று முடிவான பிறகும் பாதி முடிவுதான் எடுத்திருக்கிறோம். எந்த வோல்ட்? ஈஎஸ்பி32-க்கு 5 வோல்ட் வேண்டும், ஆகவே 5 வோல்ட் சப்ளை என்பதுதான் எல்லாருடைய முதல் யோசனை. தொட்டிக்கு ஒயர் இழுக்கும்வரை அது சரியாகவே படும்.

கணக்கைப் பாருங்கள். கீழே பெட்டி, மேலே தொட்டி. ஒயர் சுற்றிப் போகும் நீளம் 25 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். போக வர 50 மீட்டர். 0.75 ஸ்கொயர் எம்எம் செம்பு ஃப்ளெக்ஸிபிள் ஒயருக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 26 ஓம். 50 மீட்டருக்கு 1.3 ஓம். மேலே இருக்கும் ஈஎஸ்பி32 வைஃபையில் பேசும் நொடியில் அரை ஆம்பியர் இழுத்தால் 0.65 வோல்ட் ஒயரிலேயே போய்விடும். மேலே போய்ச் சேர்வது 4.35 வோல்ட். அந்த போர்டுகளில் பரவலாக இருக்கிற 1117 வகை ரெகுலேட்டருக்குத் தலைக்குமேல் ஒரு வோல்ட்டுக்குச் சற்றுக் கூடவே இடம் வேண்டும், 3.3 தர 4.4 வேண்டும். எட்டவில்லை. சிப் 'பிரவுன்அவுட்' (வோல்டேஜ் போதவில்லை) என்று சீரியல் மானிட்டரில் எழுதிவிட்டு ரீசெட் ஆகும். திரும்ப எழும், வைஃபை தேடும், திரும்ப விழும். புரோகிராம் எழுதியவர் புரோகிராமில் பிழை தேடிக்கொண்டிருப்பார்.

அதே ஒயரில் 24 வோல்ட் அனுப்பி, மேலே ஒரு பக் கன்வர்ட்டரில் (டிசி வோல்டேஜைக் குறைக்கும் குட்டி போர்டு) 5 ஆக்கினால், அதே 2.5 வாட்டுக்கு ஒயரில் ஓடுவது 0.12 ஆம்பியர் அளவுதான். இழப்பு 0.16 வோல்ட். 24-ல் அது கண்ணுக்கே தெரியாது. பக் கன்வர்ட்டரும் அதைப் பொருட்படுத்தாது. அதனால் பெட்டிக்கு வெளியே ஒயர் போகிறது என்றால் 24 வோல்ட் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தொழிற்சாலை சென்சார்கள், சாலினாய்டு வால்வுகள், பேஸோடு வரும் ப்ளக்-இன் ரிலேக்கள் என்று பழைய பேனல் சாமான்கள் பெரும்பாலும் 24 வோல்ட்டில்தான் கிடைக்கும் என்பது கூடுதல் வசதி. சென்னை ரிச்சி தெருவிலும் பழைய பேனல் உடைக்கும் கடைகளிலும் சீமென்ஸ், ஓம்ரான், ஃபீனிக்ஸ் கான்டாக்ட் 24 வோல்ட் ரயில் சப்ளைகள் பழையதாகக் கிடைக்கும். லோடு போட்டுப் பார்த்து வாங்கினால் அவையும் நல்ல சப்ளைகள்தான்.

பக் கன்வர்ட்டர் எடுக்கும்போது கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. எம்பி1584 சிப் வைத்த குட்டி போர்டுகளின் எல்லை 28 வோல்ட். எச்டிஆர்-15-24-ன் திருகை முழுக்கத் திருப்பினால் 29 வரை போகும். எல்எம்2596 வகை 40 வோல்ட் தாங்கும், அதை எடுத்தால் நிம்மதி.

12 வோல்ட்டை எப்போது எடுப்பது? பேட்டரி வேண்டும் என்றால். கரண்ட் போனாலும் தொட்டி அளவு ஃபோனுக்கு வரவேண்டும் என்று நினைத்தால், மீன்வெல்லின் டிஆர்சி வரிசை மாதிரி பேட்டரி சார்ஜரும் சேர்ந்த ரயில் சப்ளைகள் இருக்கின்றன, 13.8 வோல்ட் மாடலோடு ஒரு 7 ஏஎச் சீல்டு பேட்டரி போதும். கரண்ட் இல்லாதபோது மோட்டார் எப்படியும் ஓடாது என்பதால், இந்தச் செலவு எல்லா வீட்டுக்கும் அவசியமில்லை. 5 வோல்ட் சப்ளை, எல்லாமே ஒரே பெட்டிக்குள் அடங்கும் என்றால் மட்டும்.

பெட்டிக்குள் ரயில் வந்துவிட்டால் அதில் வேறு சாமான்களும் ஏறும் என்பதுதான் இந்த வழியின் உண்மையான பலம். த்ரீ ஃபேஸ் வரும் வீட்டில் நியூட்ரல் அறுந்தால், லோடைப் பொறுத்து ஒரு ஃபேஸில் 400 வோல்ட் பக்கம் ஏறிவிடும். இங்கே பேசிய எந்த சப்ளையும் அதைத் தொடர்ந்து தாங்காது. ஆனால் ரயிலில் மாட்டும் ஓவர்-அண்டர் வோல்டேஜ் ப்ரொடெக்டர் ஒன்றை முன்னால் வைக்கலாம். முதலில் இரண்டு போல் எம்சிபி, பிறகு ப்ரொடெக்டர், பிறகு சப்ளை, அதையடுத்து ரிலே பேஸ், கடைசியில் டெர்மினல் வரிசை. இடதுபக்கம் மெயின்ஸ், வலதுபக்கம் 24 வோல்ட், இரண்டு ஒயர்களும் ஒரே கட்டில் சேராமல். ஒயர் முனைகளில் பின் லக் (இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் உலோக முனை) போட்டு அழுத்துங்கள். முறுக்கிச் செருகிய இழைகளில் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் இவ்வளவு கவனமும் வீண்.

கான்டாக்டரின் 230 வோல்ட் காயிலை ரிலே விடுவிக்கும்போது எழும் ஸ்பைக்கில் ஈஎஸ்பி32 ரீசெட் ஆவது உண்டு. பலர் அதற்குப் பவர் சப்ளையை மாற்றிப் பார்க்கிறார்கள். மாற்றவேண்டியது அதுவல்ல; காயிலின் இரு முனைக்கும் குறுக்கே ஸ்பைக்கை அடக்கும் ஒரு ஸ்னப்பர், 100 ஓமும் 0.1 மைக்ரோஃபாரடும், மெயின்ஸில் வைக்கத் தகுந்த எக்ஸ்2 கெபாசிட்டராக. இதற்கென்றே தயாராக விற்கிறார்கள்.

ரயில் சப்ளை சரிப்படாத இடங்களும் இருக்கின்றன. டிசி மோட்டார் தொடங்கும்போது பல மடங்கு கரண்ட் இழுக்கும். சின்ன ரயில் சப்ளைகள் ஓவர்லோடில் அவுட்புட்டை விட்டுவிட்டுத் திரும்பத் திரும்ப முயலும், மோட்டார் வெட்டி வெட்டி நிற்கும். அதற்கு எல்ஆர்எஸ் வகையில் பெரிய அளவு எடுப்பது நல்லது. ரயில் சப்ளைகளின் ரிப்பிள், அதாவது அவுட்புட்டில் கலந்திருக்கும் ஏற்ற இறக்கம், 100 மில்லிவோல்ட் அளவில் இருக்கும். லோட் செல், ஆடியோ போன்றவற்றுக்கு அடுத்து ஒரு லீனியர் ரெகுலேட்டர் வைக்கவேண்டும். தகரக் கூரை பம்ப் ரூமில் மே மாதத்தில் மூடிய பெட்டிக்குள் 50 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அங்கே பல சப்ளைகள் முழு ஆம்பியர் தராது. நம் கணக்கில் 8 வாட்டுக்கு 15 வாட் சப்ளை என்பதால் இடம் இருக்கிறது. பக்கத்தில் சூடாகும் சாமான் இருந்தால் ஒரு விரல் இடைவெளி விட்டு மாட்டுங்கள்.

முதல் தடவை ஓட்டும்போது 24 வோல்ட் பக்கம் எதையும் இணைக்காமல் எம்சிபியைப் போடுங்கள். மல்டிமீட்டரில் அவுட்புட்டை அளந்து, திருகை 24-க்கு வைத்துக்கொள்ளுங்கள். எம்சிபியை இறக்கி, இன்புட் டெர்மினலில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் மீட்டரை வைத்து, கரண்ட் இல்லை என்று பார்த்த பிறகு பக் கன்வர்ட்டரை மட்டும் இணைத்து, அதன் 5 வோல்ட்டைச் சரிசெய்யுங்கள். ஈஎஸ்பி32-ஐ அதற்கப்புறம் மாட்டினால் போதும்.